வர்ம அடியும் ‘ச்சி’யும்: எது உடற்கூறு, எது உவமை?

தற்காப்புக் கலைகளைப் பற்றிப் பேச்சு எழும் இடங்களில் இரண்டு செய்திகள் தவறாமல் வந்துவிடும். உடலில் குறிப்பிட்ட ஒரு புள்ளியை விரலால் தட்டினாலே எப்பேர்ப்பட்ட ஆளும் சுருண்டு விழுவான் என்பது ஒன்று. ‘ச்சி’ என்னும் உள்ளாற்றலைத் திரட்டியவர் எதிராளியைத் தொடாமலேயே வீழ்த்திவிடுவார் என்பது மற்றொன்று. நம்புகிறவர்கள் இரண்டையும் சேர்த்தே நம்புகிறார்கள். மறுக்கிறவர்களும் இரண்டையும் சேர்த்தே தள்ளிவிடுகிறார்கள். இரு தரப்பும் ஒரே இடத்தில்தான் தவறுகின்றன என்று நான் கருதுகிறேன். அடிபட்டால் உடல் நிலைகுலைந்துபோகும் இடங்கள் உண்மையாகவே உள்ளன. அதற்கான காரணம் நரம்பிலும் இரத்தக் குழாயிலும் இருக்கிறது. ‘ச்சி’ என்ற சொல்லுக்கும் மதிக்கத்தக்க பொருள் உண்டு. ஆனால் அது முற்றிலும் வேறு வகையான பொருள். முதலாவதற்குக் காரணமே இரண்டாவதுதான் என்று இரண்டையும் முடிச்சுப் போட்டதில்தான் குழப்பம் பிறந்தது. அந்த முடிச்சை அவிழ்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

முழங்கை சொல்லும் பாடம்

கதவு நிலையிலோ நாற்காலியின் விளிம்பிலோ முழங்கையின் உட்பக்கம் இடித்துக்கொண்ட அனுபவம் இல்லாதவர் இருக்க முடியாது. இடித்த கணமே சுண்டுவிரல்வரை மின்சாரம் பாய்ந்ததுபோல விறுவிறுத்துப்போகிறது. கையில் பிடித்திருந்த பொருள் நழுவினாலும் வியப்பில்லை. எலும்பில் பட்டுவிட்டது என்றுதான் சொல்லிக்கொள்கிறோம். உண்மையில் பட்டது எலும்பில் அன்று, அந்த எலும்புப் புடைப்பின் பின்புறம் உள்ள சிறு பள்ளத்தின் வழியே ஓடும் அல்நார் நரம்பில். உடலின் வேறு பகுதிகளில் தசைக்கு அடியில் மறைந்து செல்லும் நரம்பு, இங்கே தோலுக்கும் எலும்புக்கும் நடுவில் போர்வையின்றிக் கிடக்கிறது. ஆகவே சிறிய இடியே அதை எலும்போடு சேர்த்து நசுக்கப் போதுமானதாகிவிடுகிறது.

இந்தச் சிறு நிகழ்ச்சியில் கவனிக்க வேண்டியவை பல உள்ளன. இடித்த விசை மிகக் குறைவு. விளைவோ அதற்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிது. ஒரு விரற்கடை தள்ளிப் பட்டிருந்தால் சாதாரண வலியோடு போயிருக்கும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, அடி விழுந்தது முழங்கையில், உணர்வு எழுந்தது சுண்டுவிரலிலும் மோதிர விரலின் ஒரு பாதியிலும் என்பதுதான். நரம்பு என்ற ஒன்றையே அறியாத காலத்தில் வாழ்ந்த கூர்மையான ஒருவர் இதைக் கண்டு என்ன முடிவுக்கு வந்திருப்பார்? உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாதைகள் உள்ளன, அவற்றில் ஏதோ ஒன்று ஓடுகிறது, ஓரிடத்தில் அதைத் தடுத்தால் வேறிடத்தில் விளைவு தெரிகிறது என்றுதான். அது மூடநம்பிக்கை அன்று. கிடைத்த சான்றிலிருந்து நியாயமாகச் செய்த ஊகம்.

‘படக்கூடாத இடத்தில் பட்டுவிட்டது’ என்று நாம் வழக்கமாகச் சொல்வோமே, அந்தப் ‘படக்கூடாத இடம்’தான் வர்மப் புள்ளி. நரம்போ, இரத்தக் குழாயோ, மென்மையான உறுப்போ போதிய தசைக் காப்பு இல்லாமல் உடலின் மேற்பரப்பை நெருங்கி வரும் இடம் என்று அதற்கு இலக்கணம் சொல்லலாம். இக்கட்டுரை முழுவதும் இச்சொல்லை எந்த ஒரு கலைக்கும் உரியதாக அன்றி, பொதுப்பெயராகவே கையாள்கிறேன்.

பலர் தனித்தனியே கண்ட ஒரே உண்மை

அறுவை மருத்துவத்துக்குப் பெயர்பெற்ற சுசுருத சம்ஹிதை 107 மர்மங்களை, அதாவது உயிர்நிலைப் புள்ளிகளைப் பட்டியலிட்டு, அவற்றை அடிபட்டால் நேரும் விளைவின்படி ஐந்து வகையாகப் பிரிக்கிறது: உடனே உயிரைப் போக்குபவை, நாள் கடந்து உயிரைப் போக்குபவை, தைத்த பொருளைப் பிடுங்கினால் உயிரைப் போக்குபவை, ஊனமாக்குபவை, வலியை மட்டும் தருபவை. தமிழ் வர்ம மரபில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என 108 புள்ளிகள் சொல்லப்படுகின்றன. சீனத்தில் இதைப் ‘புள்ளி தொடுதல்’ என்ற பொருளில் தியென் ஷுவே என்பார்கள். காண்டோனிய மொழியில் வழங்கும் ‘டிம் மாக்’ என்ற பெயர்தான் வெளியுலகில் பரவியது. ஜப்பானின் ஒகினாவாத் தீவைச் சேர்ந்த கராத்தே ஆசிரியர்கள் கையெழுத்துப் படிகளாகக் காத்துவந்த ‘புபிஷி’ என்னும் சீன வழி நூல் 36 புள்ளிகளைக் காட்டுகிறது. ஜப்பானியர் அவற்றைக் கியூஷோ என்று அழைக்கின்றனர்.

எண்ணிக்கை வேறுபடுகிறது, காரணம் சொல்லும் முறையும் வேறுபடுகிறது. ஆனால் நெற்றிப்பொட்டு, தொண்டைக்குழி, பிடரி, மார்பெலும்புக்குக் கீழுள்ள குழி, விதைப்பை ஆகியவை ஏறக்குறைய எல்லாப் பட்டியல்களிலும் வந்துவிடுகின்றன. போர்க்களத்திலும் மற்போரிலும் விபத்துகளிலும் மனிதர்கள் எப்படி விழுந்தார்கள் என்பதைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துத் தொகுத்த அறிவு இது. பார்த்தது சரியாக இருந்தபடியால் எல்லோரும் ஒத்துப்போனார்கள். விளக்கம் ஊகமாக இருந்தபடியால் வேறுபட்டார்கள்.

அடி விழுந்ததும் உள்ளே நடப்பது

வர்மப் புள்ளிகள் அனைத்தும் ஒரே முறையில் வேலை செய்வதில்லை. இதை உணராததால்தான் ‘புள்ளியை அமுக்கினால் போதும்’ என்ற பொதுப்படையான பேச்சு எழுகிறது. புகழ்பெற்ற கழுத்தடியை மட்டும் சற்று விரிவாகப் பார்ப்போம். மற்றவை அதன் பிறகு எளிதில் விளங்கிவிடும்.

மேல்நிலைத் தொட்டியில் நீர் நிரம்பியதும் மிதவை மேலெழுந்து மோட்டாரை நிறுத்துவதைப் பார்த்திருப்பீர்கள். தொட்டி காலியாக இருக்கும்போது யாராவது அந்த மிதவையைக் கையால் தூக்கிப் பிடித்தால் என்ன ஆகும்? நீர் நிரம்பிவிட்டதாகக் கருதி மோட்டார் நின்றுவிடும். நம் கழுத்திலும் இப்படி ஒரு மிதவை உண்டு. மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் பெரிய தமனி, குரல்வளை முடிச்சின் மேல்விளிம்பு அளவில், கழுத்தின் இருபுறமும் இரண்டாகக் கிளைக்கிறது. அந்தக் கிளைப்பில் சற்றே உப்பிய பகுதிக்குக் கழுத்துத் தமனிக் குடா என்று பெயர். அதன் சுவரில் உள்ள நரம்பு முனைகள், இரத்த அழுத்தம் ஏறும்போது சுவர் விரிவதை உணர்ந்து, மூளையின் அடிப்பகுதியான முகுளத்துக்குச் செய்தி அனுப்புகின்றன. முகுளம் உடனே வேகஸ் என்னும் நீண்ட நரம்பின் வழியாக இதயத்தை மெதுவாக்குகிறது. இரத்தக் குழாய்களையும் தளர்த்துகிறது. குனிந்து நிமிரும்போதும் படுத்து எழும்போதும் நாம் மயங்காமல் இருப்பதற்கு ஓயாமல் நடக்கும் இந்தச் சரிக்கட்டலே காரணம். இதே குடாவும் பெருந்தமனியும் மூச்சைக் கட்டுப்படுத்துவதில் ஆற்றும் பங்கைக் கண்டறிந்ததற்காகவே பெல்ஜியத்தைச் சேர்ந்த கொர்னெய் ஹேமன்ஸ் 1938ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசைப் பெற்றார்.

கழுத்தின் பக்கவாட்டில் கையின் விளிம்பால் ஓர் அடி விழுந்தால் அந்தக் குடாவின் சுவர் வெளியிலிருந்து அழுத்தப்படுகிறது. இரத்த அழுத்தம் திடீரென்று எகிறிவிட்டதாக முகுளம் ஏமாந்து, இயல்பாகத் துடித்துக்கொண்டிருந்த இதயத்தைத் தணிக்கிறது. மூளைக்குச் செல்லும் இரத்தம் சில நொடிகள் குறைகிறது; கால் துவள்கிறது. இதயத் துடிப்பு அளவுமீறி விரைவாகும் சில நோயாளிகளுக்கு மருத்துவர்கள் இதே இடத்தை, முன்கூட்டியே பரிசோதித்து, மிகுந்த எச்சரிக்கையோடு நீவிவிடுவதும் உண்டு. கழுத்தடியின் விளைவில் பக்கத்திலுள்ள நரம்புகள் அதிர்வதற்கும் பங்கு உண்டு என்றாலும், அந்த மயக்கத்தை விளக்க இந்த மிதவைக் கதையே பெரும்பாலும் போதும்.

மார்பெலும்புக்குக் கீழே, மேல்வயிற்றுக் குழியில் விழும் அடி வேறு வகை. மரத்திலிருந்து மல்லாந்து விழுந்த சிறுவன் வாயைத் திறந்து திறந்து மூடுவான், மூச்சு உள்ளே போகாது. அதே நிலைதான் இதுவும். மூச்சை இயக்கும் உதரவிதானம் என்ற தசைத்தட்டு சுளுக்கிக்கொண்டதுபோல இறுகிவிடுகிறது. சற்று நேரத்தில் தானே தளர்ந்து வழிவிடுகிறது. வலது விலாவின் கீழ்ப்பகுதியில் கல்லீரலைத் தாக்கும் குத்து குத்துச்சண்டை வீரர்கள் மிகவும் அஞ்சும் குத்துகளில் ஒன்று. வாங்கியவர் ஓரடி எடுத்துவைத்த பிறகே மடிந்து விழுவார்; நினைவு முழுமையாக இருக்கும், ஆனால் எழுந்திருக்க உடல் இடம் கொடுக்காது. முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்புறத்தில், சிறிய காலெலும்பின் கழுத்தைச் சுற்றி ஓடும் நரம்பில் உதை பட்டால் பாதத்தை மேலே தூக்க முடியாமல் போகும்; முழங்கை நரம்பின் உடன்பிறப்பு என்று அதைச் சொல்லலாம்.

தாடை முனையில் விழும் குத்து மட்டும் நரம்புப் புள்ளியைத் தொட்ட விளைவு அன்று. தாடை ஒரு நெம்புகோல்போல வேலை செய்து தலையைச் சட்டெனச் சுழற்றுகிறது. நீர் நிறைந்த செம்பை வேகமாகத் திருப்பினால் உள்ளிருக்கும் நீர் உடனே திரும்புவதில்லை. அதுபோல மண்டையோடு திரும்பிய வேகத்துக்கு மூளை ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்கி முறுக்கப்படுகிறது. நினைவு தப்புவது அதனால்தான். ஒருவரை மயக்கமடையச் செய்த ஒவ்வோர் அடியையும் ‘வர்ம அடி’ என்று சொல்வது எவ்வளவு தளர்வான பேச்சு என்பதற்கு இதுவே தக்க சான்று.

இதுவரை கண்டதைச் சுருக்கினால், ஏமாற்றப்படும் உணர்கருவி, இறுகும் மூச்சுத்தசை, அதிரும் உறுப்பு, நசுங்கும் நரம்பு, முறுக்கப்படும் மூளை எனக் காரணங்கள் வெவ்வேறானவை. எல்லாவற்றுக்கும் உடற்கூற்று நூலில் இடம் உண்டு. எதற்கும் புதியதோர் ஆற்றல் தேவைப்படவில்லை.

புள்ளி இருந்தும் ஏன் எளிதில் வாய்ப்பதில்லை?

மேலே சொன்ன எந்த இடத்திலும் மெல்லத் தட்டினால் ஆள் பெரும்பாலும் விழமாட்டான். நரம்பு நசுங்க வேண்டும், உறுப்பு அதிர வேண்டும், தலை சுழல வேண்டும். இவை அனைத்துக்கும் விசை வேண்டும். சரியான இடம் என்பது தேவையான விசையைக் குறைக்குமே அன்றி நீக்கிவிடாது. தாடை எங்கே இருக்கிறது என்பது குத்துச்சண்டை வளையத்துக்குள் நிற்கும் இருவருக்கும் நன்றாகத் தெரியும். அதை அடைவதற்குத்தான் பல சுற்றுகள் போராடுகிறார்கள். உங்கள் முழங்கை நரம்பையே நீங்களாகத் தேடி விரலால் சுண்டிப் பாருங்கள்; அசையாமல், உங்களுக்கு முழுதும் கட்டுப்பட்டு இருக்கும் அந்தக் கையிலேயே இடத்தைச் சரியாகப் பிடிக்கச் சில முயற்சிகள் தேவைப்படும். வியர்த்து, நெளிந்து, திருப்பி அடிக்கவும் செய்யும் ஒருவரிடம் விரற்கடை அளவுள்ள இடத்தைக் குறிவைப்பது எத்தகைய செயல் என்பது அப்போது விளங்கும்.

இதோடு ஆளுக்கு ஆள் உடலமைப்பு மாறுகிறது. நரம்பு ஓடும் தடம் சற்று இப்படியும் அப்படியும் இருக்கும்; சிலருக்குக் கழுத்துக் குடா மிகையாகவும் சிலருக்கு மந்தமாகவும் இயங்கும். அச்சமும் சினமும் மேலோங்கும்போது சுரக்கும் அட்ரினலின் போன்றவை வலியை மழுங்கடித்துவிடுகின்றன. சண்டை முடிந்த பிறகுதான் கை முறிந்திருப்பதையே உணர்ந்தவர்கள் உண்டு. ஆகையால் வலியை மட்டுமே நம்பும் புள்ளிகள், அமைதியான பயிற்சிக்கூடத்தில் அழகாக வேலை செய்துவிட்டு, தேவைப்படும் நேரத்தில் கைவிட்டுவிடுகின்றன.

நாள் கடந்து வரும் மரணம்

வர்மத்தைப் பற்றிய கதைகளில் மக்களை மிகவும் ஈர்ப்பது இதுதான்: இன்று தொட்டால் பத்து நாள் கழித்து உயிர் போகும் என்பது. 1973 ஜூலை 20 அன்று ஹாங்காங்கில் புரூஸ் லீ 32 வயதில் இறந்தபோது, யாரோ ஒருவர் இப்படித் தொட்டுவிட்டார் என்ற வதந்தி உலகெங்கும் சுற்றியது. மூளை வீக்கமே மரணத்துக்குக் காரணம் என்று மருத்துவர்கள் கண்டனர். விசாரணை மன்றம் அதை எதிர்பாரா விபத்து மரணம் என்று தீர்மானித்தது. ஆனாலும் வதந்தி ஓயவில்லை.

கதையை ஒதுக்கிவிட்டு, அதன் விதை எங்கிருந்து வந்திருக்கும் என்று பார்ப்பது பயனுள்ளது. நெற்றிப்பொட்டில் மண்டையோடு மெல்லியது. அதன் உட்புறத்தை ஒட்டி ஒரு தமனி செல்கிறது. அங்கே அடிபட்டு எலும்பு விரிசல் கண்டால் அந்தத் தமனி கிழியக்கூடும். அடிபட்டவர் சிறிது மயங்கி, எழுந்து, நன்றாகப் பேசி, நடந்தே வீட்டுக்குப் போவார். உள்ளே இரத்தம் கட்டிக்கொண்டே வந்து, சில மணி நேரம் கழித்து மூளையை நெருக்கி உயிரைப் பறிக்கும். இடது விலாவின் கீழுள்ள மண்ணீரலில் அடிபட்டால் முதலில் உறைக்குள் மட்டும் இரத்தம் தேங்கி, நாட்கள் கழித்து உறை கிழிந்து உள்ளே பெருக்கெடுப்பதும் உண்டு. கழுத்துத் தமனியின் உட்சுவர் கிழிந்தால், அங்கே உறையும் இரத்தக்கட்டி சில நாள் கழித்து மூளைக்குச் சென்று பக்கவாதத்தை உண்டாக்கலாம். சுசுருத சம்ஹிதை ‘நாள் கடந்து உயிரைப் போக்குபவை’ என்று ஒரு வகையைத் தனியே பிரித்திருப்பது கற்பனையால் அன்று, கண்ணால் கண்டதால் என்றே நான் எண்ணுகிறேன். வெளியில் காயமில்லை, ஆள் நன்றாக இருந்தான், பிறகு இறந்தான். உடலின் உட்புறத்தைப் படமெடுத்துப் பார்க்கும் கருவி இல்லாத காலத்தில் இதற்கு ‘அவன் தொட்டான்’ என்பதைத் தவிர வேறு விளக்கம் கிடைத்திருக்காது.

தவறு நேர்ந்தது அடுத்த படியில். எப்போதாவது தற்செயலாக நேர்ந்ததை, வேண்டும்போது வேண்டியபடி செய்யத்தக்க நுட்பமாக உயர்த்திவிட்டார்கள். இன்ன நேரத்தில் இன்ன புள்ளியைத் தொட வேண்டும் என்ற கால அட்டவணைகளும் எழுந்தன. ஒரு நாளைப் பன்னிரண்டு இரட்டை மணிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ‘ச்சி’ ஒவ்வொரு பாதையில் மிகுந்து ஓடுகிறது என்ற சீனக் கருத்தே அதற்கு அடிப்படை.

‘நேரம்’ என்பதற்கு உண்மையான இடம் ஒன்று உண்டுதான். ஆனால் அது கடிகாரத்தில் இல்லை. நெஞ்சில் இதயத்துக்கு நேரே விழும் சாதாரண அடி, ஒரு துடிப்பு முடிந்து இதயத்தசை அடுத்த துடிப்புக்கு மின்னூட்டத்தை மீட்டுக்கொள்ளும் குறிப்பிட்ட கணத்தில் பட்டால், இதயம் ஒழுங்கின்றி நடுங்கி இரத்தத்தைத் தள்ளாமல் நின்றுவிடும். இதைக் கமோஷியோ கார்டிஸ் என்பார்கள். அந்தக் கணத்தின் நீளம் ஒரு நொடியின் ஐம்பதில் ஒரு பங்கு அளவே. 2023 ஜனவரி 2 அன்று அமெரிக்கக் கால்பந்து வீரர் டமார் ஹாம்லின் ஆட்டத்தின் நடுவில் மார்பில் மோதுண்டு, எழுந்து நின்று, உடனே சரிந்து விழுந்தது இதனால்தான். களத்திலேயே நெஞ்சழுத்த முதலுதவியும் மின்னதிர்ச்சியும் அளிக்கப்பட்டதால் பிழைத்தார். அவரை மோதியவர் எந்தப் புள்ளியையும் குறிவைக்கவில்லை. அத்தனை நுண்ணிய கணத்தைக் குறிவைக்க எந்த ஆசானாலும் இயலாது.

‘ச்சி’ என்ற சொல்

இனி முடிச்சின் மறுமுனைக்கு வருவோம். ‘ச்சி’யை ‘ஆற்றல்’ என்று மொழிபெயர்ப்பதிலிருந்தே சிக்கல் தொடங்குகிறது. இயற்பியலில் ஆற்றல் என்பது ஜூல் என்ற அலகால் அளக்கப்படுவது. சீன மொழியில் ‘ச்சி’யோ மூச்சு, ஆவி, காற்று ஆகியவற்றைக் குறிக்கும் அன்றாடச் சொல். மரபான அதன் எழுத்துருவில் அரிசியைக் குறிக்கும் வடிவமும் மேலெழும் ஆவியைக் குறிக்கும் வடிவமும் சேர்ந்திருக்கின்றன. வானிலைக்கு ‘வானத்தின் ச்சி’ என்பார்கள். சினம் கொள்வதற்கு ‘ச்சி எழுதல்’ என்பார்கள். இதே எழுத்தை ஜப்பானியர் ‘கி’ என்று ஒலிக்கிறார்கள். நோயும் மின்சாரமும்கூட அவர்கள் மொழியில் இச்சொல்லைக் கொண்டே அமைகின்றன.

தமிழருக்கு இது புதிராக இருக்கத் தேவையில்லை. ‘மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளினான்’, ‘பிராணன் போய்விட்டது’, ‘அவள்மேல் உயிரையே வைத்திருக்கிறான்’ என்றெல்லாம் நாம் பேசும்போது மூச்சும் உயிரும் விருப்பமும் வலிமையும் ஒன்றோடொன்று கலந்துதான் வருகின்றன. பிராணனை அளக்கும் கருவி எங்கே என்று யாரும் கேட்பதில்லை; அதைக் கையிலிருந்து பாய்ச்சி ஆளை வீழ்த்தலாம் என்றும் யாரும் சொல்வதில்லை.

இவ்விடத்தில் பரவலான ஒரு பிழையைத் திருத்திவிட வேண்டும். ‘தை ச்சி’ என்ற கலையின் பெயரில் உள்ள ‘ச்சி’ நாம் பேசிக்கொண்டிருக்கும் ‘ச்சி’ அன்று. அது ‘எல்லை, உச்சம்’ என்று பொருள்படும் வேறு எழுத்து. தை ச்சி என்றால் ‘மேலான உச்சம்’. மாறாக, ஐகிடோ என்ற ஜப்பானியத் தற்காப்புக் கலையின் பெயர் நடுவிலுள்ள ‘கி’யும், ச்சிகோங் என்ற சீன மூச்சுப் பயிற்சியின் பெயர் முதலிலுள்ளதும் இந்த ‘ச்சி’யேதான்.

சீன மருத்துவம் ‘ச்சி’ ஓடும் பன்னிரண்டு முதன்மைப் பாதைகளையும் அவற்றின்மேல் அமைந்த புள்ளிகளையும் வகுத்தது. உடலின் நடுக்கோட்டில் ஓடும் வேறு இரண்டு பாதைகளில் உள்ளவற்றையும் சேர்த்து, இன்றைய அனைத்துலகப் பட்டியலில் புள்ளிகள் 361. எத்தனை உடல்களை அறுத்துப் பார்த்தும் அப்படித் தனியான குழாய்களோ இழைகளோ கிடைக்கவில்லை. புள்ளியின் இடம் உண்மையிலேயே முக்கியமா என்பதைச் சோதித்த ஆய்வுகளில் ஜெர்மனியில் நடத்தப்பட்டு 2007இல் வெளியானது குறிப்பிடத்தக்கது. நாட்பட்ட இடுப்புவலியுள்ள 1162 பேர் அதில் பங்கேற்றனர். மரபுப் புள்ளிகளில் ஊசி குத்தப்பட்டவர்களில் 47.6 விழுக்காட்டினரும், புள்ளி அல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்தப்பட்டவர்களில் 44.2 விழுக்காட்டினரும், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 27.4 விழுக்காட்டினரும் ஆறு மாத முடிவில் முன்னேற்றம் கண்டனர். ஊசி குத்திக்கொண்டவர்கள் நலம் உணர்ந்தனர் என்பது உண்மை. எங்கே குத்தினார்கள் என்பது பெரிய வேறுபாட்டைத் தரவில்லை என்பதும் உண்மை.

பயிற்சியில் அச்சொல் செய்யும் வேலை

அப்படியானால் நூற்றாண்டுகளாகத் தேர்ந்த ஆசான்கள் ஏன் இச்சொல்லை விடவில்லை? அது வேலை செய்வதால்தான். ஐகிடோவில் ‘மடக்க முடியாத கை’ என்று ஒரு பயிற்சி உண்டு. கையை நீட்டி இறுக்கமாக வைத்துக்கொள்ளச் சொல்லி நண்பர் அதை முழங்கையில் மடக்க முயன்றால் எளிதில் மடங்கிவிடும். பிறகு, விரல் நுனி வழியாக நீர் பீறிட்டுத் தொலைவிலுள்ள சுவரை அடைவதாக எண்ணிக்கொண்டு தளர்வாக நீட்டச் சொன்னால், அதே கையை மடக்க நண்பர் திணறுவார். வியக்கத்தக்க இம்மாற்றத்தின் காரணம் எளியது. ‘இறுக்கு’ என்றதும் நாம் கையை நீட்டும் தசையோடு மடக்கும் தசையையும் சேர்த்தே இறுக்குகிறோம். எதிராளிக்கு நாமே துணைபோகிறோம். நீர் பாய்வதாக எண்ணியதும் மடக்கும் தசை தளர்ந்து, நீட்டும் தசை மட்டும் வேலை செய்கிறது. ‘மேற்கையின் முன்புறத் தசையைத் தளர்த்தி, பின்புறத் தசையை மட்டும் சுருக்கு’ என்று சொல்லிக்கொடுத்தால் எவராலும் செய்ய முடியாது. ‘ச்சி பாயட்டும்’ என்றால் செய்துவிடுகிறார்கள்.

தொப்புளுக்குச் சற்றுக் கீழே உள்ள ‘தந்தியென்’ என்ற இடத்தில் ‘ச்சி’யை இருத்தச் சொல்வதும் இவ்வாறே. நிமிர்ந்து நிற்கும் மனிதனின் எடை மையம் ஏறக்குறைய அந்த உயரத்தில்தான், இடுப்புக்குள் அமைகிறது. கவனத்தை அங்கே வைத்தவர் தோளைத் தாழ்த்தி, முழங்காலைச் சற்று மடக்கி, ஆழ மூச்சு விட்டு நிற்பார். அவரைத் தள்ளுவது கடினம். தரையில் ஊன்றிய காலிலிருந்து புறப்படும் விசை இடுப்பு, முதுகு, தோள் வழியாக முட்டிக்கு வந்து சேர, இடையில் எந்தத் தசையும் முரண்டு பிடிக்காமல் வழிவிட வேண்டும். அது இசைந்து வரும்போது அடிப்பவருக்கு உழைப்பே தெரிவதில்லை. உள்ளிருந்து ஏதோ பாய்ந்து சென்றதாகவே தோன்றும். தன் உறுப்பை நினைத்துக்கொண்டு அசைப்பதைவிட, அசைவு வெளியில் உண்டாக்கும் விளைவை நினைத்துக்கொண்டு அசைந்தால் செயல் செம்மையாகிறது என்பதை உடலியக்கக் கல்வி ஆய்வுகள் 1990களின் பிற்பகுதியிலிருந்து மீண்டும் மீண்டும் காட்டிவருகின்றன. ஆசான்கள் அதைப் பட்டறிவால் முன்பே அறிந்திருந்தார்கள்.

ஆகவே பயிற்சிக்கூடத்தில் ‘ச்சி’ என்பது தசை, மூச்சு, கவனம், நிலை ஆகியவற்றை ஒரே சொல்லால் ஒழுங்குபடுத்தும் கற்பித்தல் மொழி. அந்த அளவில் அதற்கு ஈடான சொல் உடலியல் நூல்களில் இல்லை என்றே சொல்வேன்.

தொடாமல் வீழ்த்துவோர்

கற்பித்தல் மொழியைக் கதிர்வீச்சு என்று எடுத்துக்கொண்டவர்களுக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். ஜப்பானில் யானாகி ரியூகென் என்ற ஆசானின் மாணவர்கள் அவர் கையசைத்தாலே கூட்டமாகச் சுருண்டு விழுவார்கள். 2006இல் அவர் பந்தயம் கட்டி, வெளியாளான ஒரு சண்டை வீரரை எதிர்கொண்டார். ‘கி’ வேலை செய்யவில்லை. முகத்தில் குத்துகள் விழுந்தன. சிறிது நேரத்திலேயே ஆட்டம் முடிந்தது. அந்த ஆசான் ஏமாற்றுக்காரர் என்று நான் நினைக்கவில்லை. ஏமாற்றுபவர் அப்படிப் பந்தயம் கட்டமாட்டார். ஆசான்மேல் வைத்த மதிப்பால் மாணவர் சற்று முன்கூட்டியே விழுகிறார். பக்கத்திலிருப்பவர் அதைப் பார்த்துத் தானும் விழுகிறார். எல்லோரும் விழுவதைப் பார்த்த ஆசான் தன் ஆற்றலை மெய்யென்றே நம்புகிறார். ஒருவரும் பொய் சொல்லாமலே ஒரு பொய் உருவாகிவிடுகிறது.

அமெரிக்காவில் வர்மப் புள்ளி மயக்கத்தைப் பரப்பிய ஜார்ஜ் டில்மன், நேஷனல் ஜியாகிரபிக் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றில், தொடாமல் வீழ்த்தும் முறை ஐயுறவாளர் ஒருவரிடம் பலிக்காததற்கு, அவர் நாக்கை வைத்திருந்த விதமும் கால் பெருவிரலை அசைத்ததும் காரணமாகலாம் என்றார். எந்த முடிவு வந்தாலும் கொள்கை தோற்காதபடி விளக்கம் அமைந்துவிட்டால், அக்கொள்கையைச் சோதிக்கவே வழியில்லாமல் போகிறது.

தொட்டு மயக்கும் செயல்விளக்கங்கள் வேறு. அவற்றில் மயக்கம் பெரும்பாலும் மெய்யானதே. ஊசியைக் கண்டதுமே, குத்துவதற்கு முன்பே மயங்கி விழுபவர்கள் உண்டல்லவா? எல்லோரும் பார்க்க, அடிவிழப்போகிறது என்று காத்து, அசையாமல் நிற்பவருக்கு அந்த எதிர்பார்ப்பே பாதி மயக்கத்தைத் தந்துவிடும்; மீதியைக் கழுத்துக் குடாவில் விழும் அடி முடித்துவைக்கும். விழுந்தவரை ஆசான் முதுகில் தட்டி எழுப்புவார். உண்மையில் அவர் தட்டாவிட்டாலும், கிடைநிலையில் இருக்கும்போது மூளைக்கு இரத்தம் திரும்பி, சில நொடிகளில் தானே விழித்துக்கொள்வார். புகழ் மட்டும் எழுப்பும் முறைக்குப் போய்ச் சேர்கிறது.

இதைப் பார்த்துவிட்டு நண்பர்கள் ஒருவர் கழுத்தை ஒருவர் சோதித்துப் பார்ப்பதுதான் எனக்கு உண்மையான கவலை தருவது. குடாவை அழுத்தும் அதே அடி தமனியின் உட்சுவரையும் கிழிக்கக்கூடும். இளைஞர்களுக்கு நேரும் பக்கவாதங்களில் கழுத்துத் தமனிக் கிழிவு முக்கியமான ஒரு காரணம். அடிபட்டவர் அப்போதே எழுந்து சிரித்தபடி போய்விடலாம். ஆனால் அடுத்த சில நாட்களில் ஒருபக்கமாகப் புதிய கழுத்துவலி, தலைவலி, ஒரு கண்ணின் இமை தாழ்தல், பேச்சுக் குழறல், கை தளர்தல் இவற்றில் ஏதேனும் தென்பட்டால், கழுத்தில் அடிபட்ட செய்தியை மறைக்காமல் சொல்லி, தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.